வெளிநாட்டு ஆர்பிட்ரேஷன் கனவுக்காக வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கலாமா?

வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம்

தண்டையார்பேட்டையைச் சேர்ந்த 26 வயது வழக்கறிஞர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரும் அவரை அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன். அப்பா துறைமுகத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் 31 ஆண்டுகள் டாலி கிளார்க்காக, அதாவது கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் கணக்கு எழுதுபவராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவின் பெயரில் அரை கிரவுண்டில் ஒரு வீடு இருக்கிறது. குடும்பத்தின் ஒரே சொத்து அதுதான். தம்பி கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறார்.

வாசகி அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். பட்டரைப்பெரும்புதூர் அரசு சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்று, இரண்டு ஆண்டுகளாகத் தம்பு செட்டித் தெருவில் ஒரு சிவில் வழக்கறிஞரிடம் ஜூனியராக இருக்கிறார். மாதம் 10,000 ரூபாய் தருகிறார்கள். காசோலை வழக்குகளும் வாடகை வழக்குகளுமே நிறைந்த அந்த அலுவலகத்துக்குச் சென்ற ஆண்டு அபூர்வமாக ஒரு கப்பல் வழக்கு வந்தது. கப்பலுக்கு மளிகையும் கயிறும் பெயிண்டும் கொடுத்த உள்ளூர் வியாபாரிக்குப் பணம் வரவில்லை. உயர் நீதிமன்றம் கப்பலைச் சிறைப்பிடிக்க உத்தரவிட்டது. நீதிமன்ற அலுவலருடன் கப்பலில் ஏறி, மாலுமிகள் பார்த்துக்கொண்டிருக்க அந்த உத்தரவு ஒட்டப்பட்டதை நேரில் கண்ட நாள் முதல், சர்வதேச ஆர்பிட்ரேஷனும் (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர்கள் தகராறைத் தீர்க்கும் முறை) எல்லை கடந்த வழக்குகளுமே தன் தொழில் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

அவர் கேட்பவை இவை. லண்டனில் எல்.எல்.எம். என்ற சட்ட மேற்படிப்பு படிக்க ஆகும் 40 லட்சம் ரூபாயை வீட்டை வைத்துக் கடனாக வாங்கலாமா? ஒன்றரை லட்ச ரூபாய்க்கு 'சர்வதேச நடுவர்' டிப்ளமோவும் அடையாள அட்டையும் தருவதாகச் சொல்லும் நிறுவனத்தில் சேரலாமா? இந்தியச் சட்டம் மட்டும் படித்த ஒருவர் சிங்கப்பூரில் வாதாட முடியுமா? ஒரு கப்பல் நிறுவனம் 35,000 ரூபாய் சம்பளத்தில் சட்ட அலுவலர் வேலை தர முன்வந்திருக்கிறது, ஏற்கலாமா? 'சிவில் ஜட்ஜ் பரீட்சை எழுது' என்கிறார் அப்பா, அவர் சொல்வது சரியா? கடைசியாக ஒரு வரி: "தமிழ் மீடியத்தில் படித்தவளுக்கு இதெல்லாம் அதிகப்படியான ஆசையா, சார்?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அதற்கு முன், உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தவறான எண்ணம் இருப்பதால் அதைத் திருத்திவிட்டு வருகிறேன். சர்வதேச வழக்குகள் எல்லாம் லண்டனிலும் சிங்கப்பூரிலும் நடக்கின்றன, நாம் அங்கே போய்ச் சேர்ந்தால்தான் அந்தத் தொழிலுக்குள் நுழைய முடியும் என்று எண்ணுகிறீர்கள். அதில் பாதிதான் உண்மை.

வழக்கு பாரிமுனைக்கும் வருகிறது

இரண்டு நாட்டு வியாபாரிகள் ஒப்பந்தம் போடும்போது, உன் நாட்டு நீதிமன்றத்துக்கு நான் வர மாட்டேன், என் நாட்டு நீதிமன்றத்துக்கு நீ வர மாட்டாய் என்ற நிலையில், இருவருக்கும் பொதுவான நடுவர்களை ஏற்றுக்கொள்கிறார்கள். இதன் பெரிய வலிமை 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கை. 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருப்பதால், ஒரு நாட்டில் வழங்கப்பட்ட நடுவர் தீர்ப்பை இன்னொரு நாட்டில் நிறைவேற்றிக்கொள்ள முடிகிறது. நீதிமன்றத் தீர்ப்புக்கு இவ்வளவு எளிதான பயணம் கிடையாது. சிங்கப்பூர், பிரிட்டன், ஐக்கிய அரபு அமீரகம் போன்று நம் அரசு அறிவிக்கை செய்த நாடுகளின் உயர்நிலை நீதிமன்றத் தீர்ப்புகளை சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின் கீழ் இங்கே நேரடியாக நிறைவேற்றக் கேட்கலாம். அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பு என்றால் அதை அடிப்படையாக வைத்து இங்கே புதிதாக வழக்குப் போட்டாக வேண்டும்.

ஆனால் நடுவர்கள் தீர்ப்புச் சொல்வதோடு பணம் கைக்கு வந்துவிடுவதில்லை. தோற்றவருடைய கிடங்கு மணலியில் இருக்கலாம், வங்கிக் கணக்கு ராஜாஜி சாலையில் இருக்கலாம், கப்பல் எண்ணூரில் நிற்கலாம். அப்போது வழக்கு எங்கே வரும்? 1996-ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தங்களுக்குப் பிறகு, வெளிநாட்டு நடுவர் தீர்ப்பை 47, 48, 49 பிரிவுகளின் கீழ் நிறைவேற்றக் கோரும் மனு நேராக உயர் நீதிமன்றத்துக்குத்தான் வருகிறது. சிங்கப்பூரில் ஆர்பிட்ரேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே, எதிராளி இங்குள்ள சொத்தை விற்றுவிடாமல் தடுக்க 9-ஆம் பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவு கேட்பதென்றாலும், ஒப்பந்தத்தில் அதை விலக்கியிருந்தாலொழிய, அதுவும் உயர் நீதிமன்றத்துக்குத்தான். கப்பலைச் சிறைப்பிடிக்கும் அதிகாரம், 2018 ஏப்ரல் முதல் நடைமுறையிலிருக்கும் கடல்சார் உரிமைகோரல் சட்டத்தின்படி, மீண்டும் அதே உயர் நீதிமன்றத்திடம். உங்கள் அலுவலகத்திலிருந்து என்.எஸ்.சி. போஸ் சாலையைக் கடந்தால் போதும்.

இந்தத் துறையின் சட்ட வரலாற்றிலும் நம் ஊருக்குப் பங்கு உண்டு. வெளிநாட்டு வழக்கறிஞர்கள் இந்தியாவில் தொழில் செய்யலாமா என்ற கேள்வியை எழுப்பிய ஏ.கே. பாலாஜி வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. 2012-இல் இங்கே தீர்ப்பாகி, 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. நடுவர் தீர்ப்பை நீதிமன்றம் திருத்தி எழுதலாமா என்ற நீண்ட காலக் குழப்பத்துக்கு 2025 ஏப்ரலில் அரசியல் சாசன அமர்வு விடை சொன்ன காயத்ரி பாலசாமி வழக்கும் சென்னையிலிருந்து போனதுதான். ஒரகடம் ஆலைக்குத் தமிழக அரசு தர வேண்டிய ஊக்கத்தொகை பாக்கி என்று நிசான் நிறுவனம் 2017-இல் இந்திய அரசுக்கு எதிராக சர்வதேச ஆர்பிட்ரேஷனுக்குப் போனதும், பின்னர் அது சமரசத்தில் முடிந்ததும் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

வெளிநாட்டுக்கே போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகிறவர் கையில் எதை எடுத்துக்கொண்டு போகிறார் என்பதுதான் முக்கியம். இங்கே ஒரு இடைக்கால மனுவை ஒரே இரவில் தயாரித்து மறுநாள் நீதிபதி முன் நின்ற அனுபவம் உள்ள 29 வயதுக்காரரையும், பட்டம் மட்டும் கையில் உள்ள 27 வயதுக்காரரையும் சிங்கப்பூர் அலுவலகம் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதில்லை.

தமிழ் வழியில் படித்தது குறையா?

இங்கே உங்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஆர்பிட்ரேஷன் நடவடிக்கைகளின் ரகசியத்தைக் காக்க வேண்டியிருப்பதால், யாரையும் கண்டுபிடிக்க முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் உரம் ஏற்றி வந்த கப்பல் ஒன்றின் டெமரேஜ் தகராறு லண்டனில் நடுவர்கள் முன் இருந்தது. கப்பல் உரிமையாளர் தரப்புக்கு இங்குள்ள சாட்சிகளையும் ஆவணங்களையும் தயார்செய்யும் வேலை என்னுடைய அலுவலகத்துக்கு வந்தது. சரக்கு இறக்க ஒப்பந்தம் கொடுக்கும் காலத்தை லேடைம் என்பார்கள். அதைத் தாண்டினால் நாளுக்கு இவ்வளவு டாலர் என்று டெமரேஜ் கட்ட வேண்டும். இந்த ஒப்பந்தத்தில் அது நாளுக்கு 18,000 டாலர், அதாவது மணிக்கு 750 டாலர். மழை பெய்து வேலை நின்ற நேரம் லேடைம் கணக்கில் வராது. கப்பல் வந்தது நவம்பர் மாதம். நம் ஊர் நவம்பரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கப்பல் துறைமுகத்தில் இருந்த நேரத்தில் நடந்தவற்றைக் குறிக்கும் ஸ்டேட்மெண்ட் ஆஃப் ஃபேக்ட்ஸ் என்ற பதிவு சில இடங்களில் தெளிவில்லாமல் இருந்ததால், டாலி கிளார்க் கையால் எழுதிய தாள்கள் சாட்சியமாக வந்தன. ஈரம் பட்டு ஓரம் சுருங்கிய தாள்கள். நீலப் பேனாவில் நேரம், ஹேட்ச் (மூடி போட்ட சரக்கு அறை வாய்) எண், மூட்டை எண்ணிக்கை. ஓரத்தில் தமிழில் இரண்டிரண்டு சொற்கள். அவற்றில் பல இடங்களில் 'மழை விட்டு' என்று எழுதியிருந்தது. வெளிநாட்டு மொழிபெயர்ப்பு நிறுவனம் ஒன்று அதை 'விட்டு விட்டு மழை' என்று புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தது. 'மழை விட்டு' என்றால் மழை நின்ற பிறகு. 'விட்டு விட்டு மழை' என்றால் நின்று நின்று பெய்துகொண்டே இருப்பது. முதல் பொருளில் லேடைம் கடிகாரம் ஓடும், இரண்டாவது பொருளில் ஓடாது. இந்த ஒரு சொற்றொடரால் மாறிப்போயிருந்தது மொத்தம் 31 மணி நேரம். பணமாகச் சொன்னால் 23,250 டாலர்.

லண்டன் வழக்கறிஞர்கள் அதைக் கவனிக்கவில்லை. நானும்தான் கவனிக்கவில்லை, ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் படித்துவிட்டு மேலே போய்விட்டேன். இராயபுரத்தில் பிறந்து வளர்ந்த என் ஜூனியர் பெண்தான் மூலத்தாளையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டு, மாலை ஆறு மணிக்கு என் மேசை முன் வந்து நின்றார். 'மழை விட்டு' என்று எழுதிய ஒவ்வொரு இடத்துக்கும் 20, 25 நிமிடம் கழித்து 'மூடி திறப்பு' என்று எழுதியிருப்பதை அவர் அட்டவணை போட்டுக் காட்டினார். மழை பெய்துகொண்டிருந்தால் உரக் கப்பலின் மூடியை யார் திறப்பார்கள்? அந்த அட்டவணை அப்படியே நடுவர்கள் முன் போனது.

அந்தப் பெண்ணும் தமிழ் வழியில் படித்தவர்தான். இந்தத் தொழிலுக்கு ஆங்கிலம் வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. ஆனால் அங்கே கேட்கப்படும் ஆங்கிலம் நீங்கள் பயப்படும் அந்த நாக்கு நுனி ஆங்கிலம் அல்ல. தேதி, தொகை, ஆவண எண் ஆகியவற்றில் பிழையில்லாமல், ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி என்று எழுதுகிற ஆங்கிலம் அது. சர்வதேச ஆர்பிட்ரேஷனில் பெரும்பகுதி எழுத்தில்தான் நடக்கிறது: கோரிக்கை மனு, பதில் மனு, சாட்சியின் எழுத்து வாக்குமூலம், ஆவணம் கேட்டுப் போடும் அட்டவணை. வாய்வழி விசாரணை சில நாட்களில் முடிந்துவிடும். எழுத்து பழக்கத்தால் வருவது. ஓராண்டு விடாமல் எழுதினால் உங்கள் நடையே மாறிவிடும்.

40 லட்சம் ரூபாய்க் கடன்

இதில் உங்களை நான் தடுத்து நிறுத்தவே விரும்புகிறேன். காரணங்களைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

ஆண்டுக்கு 11 சதவீத வட்டியில், 10 ஆண்டுத் தவணையில் 40 லட்சம் வாங்கினால் மாதத் தவணை சுமார் 55,000 ரூபாய். படிப்புக் காலம் ஓராண்டு, அதன் பிறகு தவணை தொடங்காத ஓராண்டு என்று இரண்டு ஆண்டுகளுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அந்த வட்டியையும் அசலோடு சேர்த்தால் தவணை 67,000 ரூபாயைத் தாண்டிவிடும். லண்டனில் வேலை கிடைத்தால் கட்டிவிடலாம். கிடைக்காமல் ஊர் திரும்பினால்? சென்னையில் நான்கு ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர் மாதம் 67,000 ரூபாயைத் தவணைக்கு மட்டும் எடுத்து வைப்பது எவ்வளவு கடினம் என்று தம்பு செட்டித் தெருவில் இரண்டு ஆண்டுகள் இருந்த உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது வீடு. 'கல்விக் கடன்தானே, வீட்டை எடுக்க மாட்டார்கள்' என்று உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. அம்மா தன் அசல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்தாலே அது அடமானம். கடன் வாராக்கடன் ஆனதும், 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின்படி வங்கி 60 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் அனுப்பி, அதன் பிறகும் பணம் வரவில்லை என்றால் சிவில் வழக்கே போடாமல் வீட்டைச் சுவாதீனம் எடுக்கும் நடவடிக்கையில் இறங்கலாம். அதை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள்தான். அம்மா கையெழுத்துப் போடுவதற்கு முன், ஒரு வழக்கறிஞராக, இதைத் தமிழில் அவருக்கு முழுவதும் விளக்கிச் சொல்வது உங்கள் கடமை. தம்பிக்கும் அந்த வீட்டில் எதிர்பார்ப்பு இருக்கும். அவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

பட்டம் எதைத் தரும், எதைத் தராது என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் எல்.எல்.எம். அந்நாட்டில் வழக்கறிஞராகத் தொழில் செய்யும் உரிமையைத் தருவதில்லை. இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆக எஸ்.க்யூ.இ. என்ற தேர்வு 2021 முதல் நடக்கிறது. அதை எழுத எல்.எல்.எம். தேவையில்லை, இந்தியாவில் ஏற்கெனவே வழக்கறிஞராக இருப்பவரிடம் அந்த ஊரின் இரண்டு ஆண்டுப் பயிற்சியும் கேட்கப்படுவதில்லை. எல்.எல்.எம். தருவது ஆழ்ந்த படிப்பும், நல்ல ஆசிரியர்களும், உலகெங்குமிருந்து வரும் சக மாணவர்களின் பழக்கமும். அவை பெரிய விஷயங்கள்தான். லண்டன் குயின் மேரி, ஜெனீவா, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களின் ஆர்பிட்ரேஷன் படிப்புகளுக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் அங்கே போய்ப் பயனடைபவர்கள் பெரும்பாலும் நான்கைந்து ஆண்டு வழக்கு அனுபவத்தோடு போகிறவர்கள். வகுப்பில் சொல்லப்படும் ஒவ்வொரு விதியையும் தாங்கள் பார்த்த ஒரு வழக்கோடு பொருத்திக்கொள்ள அவர்களால் முடிகிறது.

அதோடு, பொறுத்திருந்தால் அடமானம் வைக்காமலே போக வழி இருக்கிறது. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும்; நீங்கள் இப்போதுதான் அந்த வாசலுக்கு வந்திருக்கிறீர்கள். படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இங்கே வேரூன்ற நினைப்பவருக்கு அது பாதகமில்லை. காமன்வெல்த் உதவித்தொகையையும் பாருங்கள். நீங்கள் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தால், தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. அதன் தகுதி விதிகளை ஆதிதிராவிடர் நலத்துறையில் இந்த வாரமே கேட்டு வாங்குங்கள்.

அந்த டிப்ளமோ

சேர வேண்டாம். சர்வதேச நடுவர் என்று உரிமம் கொடுக்க எந்த நிறுவனத்துக்கும் அதிகாரம் கிடையாது. நடுவருக்கு இன்னின்ன தகுதி வேண்டும் என்று ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 2019 திருத்தத்தில் சேர்த்த எட்டாம் அட்டவணையைக்கூட 2021-இல் நாடாளுமன்றமே நீக்கிவிட்டது. நடுவராக ஒருவரை நியமிப்பது கட்சிக்காரர்களின் நம்பிக்கை. அது பெரும்பாலும் தலை நரைத்த பிறகு வருவது. சான்றிதழ் ஒன்று வேண்டும் என்று தோன்றினால், லண்டனில் 1915-இல் தொடங்கப்பட்ட சார்ட்டர்ட் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆர்பிட்ரேட்டர்ஸ் அமைப்பின் அறிமுகப் பயிற்சியிலிருந்து தொடங்குங்கள். அதற்குக்கூட இந்த ஆண்டே ஓட வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் வாதாடும் உரிமை

உங்கள் அச்சத்துக்கு மாறாக, முடியும். சிங்கப்பூரில் நடக்கும் ஆர்பிட்ரேஷனில் கட்சிக்காரருக்காக வாதாட அந்நாட்டு உரிமம் தேவையில்லை. லண்டனிலும் கட்சிக்காரர் தனக்கு விருப்பமான யாரையும் நியமித்துக்கொள்ளலாம். ஆனால் அதே வழக்கு அந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போனால் நீங்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒப்பந்தம் ஆங்கிலேயச் சட்டத்தின் கீழ் இருந்தால் அந்தச் சட்டத்தில் தேர்ந்தவரின் துணையும் வேண்டும். அதனால் நடைமுறையில் இது கூட்டு வேலை: அங்கே ஒருவர், இங்கே ஒருவர். ஆவணமும் சாட்சியும் சொத்தும் சென்னையில் இருக்கும் வழக்குகளில் இங்கே இருப்பவர் இல்லாமல் அங்கே இருப்பவரால் ஒரு அடி நகர முடியாது. மேலே சொன்ன பாலாஜி தீர்ப்பும், வெளிநாட்டு வழக்கறிஞர்களைப் பதிவு செய்ய 2023 மார்ச்சில் பார் கவுன்சில் வெளியிட்டு 2025-இல் திருத்திய விதிகளும் இந்தக் கூட்டு வேலைக்கான எல்லைகளை வரைகின்றன. இரண்டையும் முழுதாகப் படியுங்கள்.

கப்பல் நிறுவன வேலையும் சிவில் ஜட்ஜ் தேர்வும்

35,000 ரூபாய் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது புரிகிறது. கப்பல் ஒப்பந்தங்களை உள்ளிருந்து பார்க்க அது நல்ல இடமும்கூட. ஆனால் முழுநேரச் சம்பள ஊழியராகச் சேர்ந்தால், பார் கவுன்சில் விதி 49-இன்படி அதைத் தெரிவித்து, உங்கள் வழக்கறிஞர் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். நிறுத்தாமல் இரண்டையும் செய்வது ஒழுங்கு நடவடிக்கைக்கு வழி. போவதென்றால் இரண்டு ஆண்டுகள் என்று வரம்பு வைத்துக்கொண்டு போங்கள். சார்ட்டர் பார்ட்டி (கப்பலை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தம்), பில் ஆஃப் லேடிங் (சரக்கு ஏற்றியதற்கான ரசீது), இன்சூரன்ஸ் ஆகிய மூன்றையும் கையாளும் மேசையிலேயே உங்களை உட்கார வைப்பார்களா, அல்லது லைசென்ஸ் புதுப்பிக்கும் வேலைக்கு அலையவிடுவார்களா என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்பா சொல்வதில் பாசம் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. சிவில் நீதிபதி பதவி மரியாதையான, பாதுகாப்பான பணி. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதற்கு மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்று மீண்டும் சொல்லியிருப்பதால், நீங்கள் தொழிலைத் தொடர்ந்தாலே அந்தத் தகுதியும் கூடவே வந்துவிடும். ஆகவே இன்று இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டிய கட்டாயம் இல்லை. அப்பாவிடம் இதை இப்படியே சொல்லலாம்.

உங்கள் 10,000 ரூபாயைப் பற்றிப் பேசாமல் கடந்துபோக மனம் வரவில்லை. சென்னை, மதுரை, கோவை நகரங்களில் ஜூனியருக்குக் குறைந்தது 20,000 ரூபாய் தரப்பட வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு இந்தியப் பார் கவுன்சிலும் நகர்ப்புறத்துக்கு அதே தொகையைப் பரிந்துரைத்தது. பரிந்துரை என்பதால் பலர் கண்டுகொள்வதில்லை. மூத்த வழக்கறிஞர்களாகிய நாங்கள் இதில் தலைகுனிய வேண்டியவர்கள். உங்கள் சீனியரிடம் பணிவோடு, ஆனால் தயங்காமல், கேளுங்கள். சிறிய அலுவலகம், அவராலும் முடியவில்லை என்றால், அதற்கு ஈடாக வாரத்தில் இரண்டு மதியங்களை உங்கள் சொந்த வேலைக்கு விட்டுத்தரச் சொல்லுங்கள்.

அடுத்த பதினெட்டு மாதங்கள்

அந்த மதியங்களில் என்ன செய்வது? உயர் நீதிமன்றத்தின் வணிகப் பிரிவில் போய் உட்காருங்கள். அன்றைய வழக்குப் பட்டியலில் ஆர்பிட்ரேஷன் மனுக்களும் கப்பல் வழக்குகளும் எந்த நீதிபதி முன் வருகின்றன என்று முந்தைய நாள் மாலையே பார்த்து வையுங்கள். வாதம் கேட்டு வந்த இரவு, இரு தரப்பின் வாதத்தையும் ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். தீர்ப்பு வந்ததும் நீங்கள் எதைத் தவறவிட்டீர்கள் என்று ஒப்பிடுங்கள். வெளிநாட்டில் நடக்கும் ஆர்பிட்ரேஷனில் இந்திய நீதிமன்றத்தின் எல்லை எது என்று சொல்லும் 2012-இன் பால்கோ தீர்ப்பு, வெளிநாட்டுத் தீர்ப்பை எப்போது மறுக்கலாம் என்று சொல்லும் 2020-இன் விஜய் கரியா தீர்ப்பு, இரண்டு இந்திய நிறுவனங்களும் வெளிநாட்டை ஆர்பிட்ரேஷன் இடமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்ற 2021-இன் பாசல் விண்ட் தீர்ப்பு ஆகிய மூன்றையும் சுருக்கம் படிக்காமல் முழுமையாகப் படியுங்கள். 2025 ஜனவரி முதல் நடைமுறையிலிருக்கும் சிங்கப்பூர் சர்வதேச ஆர்பிட்ரேஷன் மையத்தின் புதிய விதிகளும், லண்டன் கடல்சார் நடுவர் சங்கத்தின் விதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இளம் வழக்கறிஞர்களுக்காக அந்த மையங்கள் நடத்தும் குழுக்களில் சேர்ந்தால் கூட்டங்களை வீட்டிலிருந்தே கேட்கலாம்.

அலுவலகத்தில் இருக்கும் சாதாரண வழக்குகளையும் அலட்சியமாக நினைக்காதீர்கள். ஒரு காசோலை வழக்குக் கட்டை எடுத்து, ஒவ்வொரு நிகழ்வுக்கும் தேதி, ஆவணம், பக்க எண் என்று காலவரிசை அட்டவணை தயாரித்துப் பழகுங்கள். லண்டன் நடுவர் முன் போகும் கட்டும் இதே முறையில்தான் கட்டப்படுகிறது. சாட்சியிடம் தமிழில் பேசி அதை ஆங்கில வாக்குமூலமாக எழுதும்போது, அவர் சொல்லாத ஒரு சொல்லும் உள்ளே வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் நான்கைந்து நல்ல எழுத்து மாதிரிகள் சேர்ந்ததும், கட்சிக்காரர்களின் பெயர்களையும் அடையாளங்களையும் நீக்கிவிட்டு, தம்பு செட்டித் தெருவிலும் அரண்மனைக்காரன் தெருவிலும் கப்பல் வழக்கு நடத்தும் அலுவலகங்களுக்குக் கொண்டுபோங்கள். இந்தத் துறையின் பெரிய நிறுவனங்கள் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களிலிருந்தும், வியன்னாவில் நடக்கும் விஸ் மாதிரி நீதிமன்றப் போட்டியில் கலந்துகொண்டவர்களிலிருந்தும் ஆளெடுப்பது வழக்கம்; அந்த முன்வாசல் உங்களுக்கு எளிதில் திறக்காது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் சிறிய கப்பல் வழக்கு அலுவலகங்களுக்கு நாளைக் காலை எட்டு மணிக்குத் துறைமுகத்துக்குப் போய் ஆவணம் வாங்கிவரத் தெரிந்த ஆள் எப்போதும் தேவை.

கடிதத்தின் நடுவே நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு செய்தி இருக்கிறது. அப்பா தன் சொந்தக் குறிப்புக்காக எழுதிவைத்த பழைய டாலி நோட்டுகள் பரண் மேல் ஒரு சாக்கில் கிடக்கின்றன, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அம்மா அவற்றை எடைக்குப் போடப்போகிறார் என்கிறீர்கள். தயவுசெய்து அதைத் தடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவை உட்காரவைத்து, ஒரு கப்பலின் கணக்கை முதல் மூட்டையிலிருந்து கடைசி மூட்டை வரை விளக்கச் சொல்லுங்கள். ஹேட்ச் எப்போது திறந்தார்கள், கிரேன் பழுதானால் எங்கே குறித்தார், கிழிந்த மூட்டையை எப்படி எண்ணினார், கேப்டன் கையெழுத்துப் போட மறுத்தால் என்ன செய்தார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நோட்டை முடித்ததும் எனக்கு மீண்டும் எழுதுங்கள். அடுத்து எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டலாம் என்று அப்போது பேசுவோம்.